ஃபயர்போலும் வீட்டில் ஊறிய கறுவா விஸ்கியும்

உறைபெட்டியில் இரவு முழுவதும் இருந்த, கறுவாச் சுவையூட்டிய இனிப்பு விஸ்கியான ஃபயர்போல் போத்தலைத் திறந்து சிறு கிண்ணத்தில் சரித்தால், அது தண்ணீரைப் போலச் சளசளவென்று விழாமல் பாகைப் போல மெல்ல இறங்கும். அந்தக் குளிரில் குடிப்பதுதான் அதற்குப் பொருத்தம் என்று ரொறன்ரோவில் பல குளிர்காலங்களைக் கழித்த பின் உறுதியாகச் சொல்வேன். 1980களின் நடுப்பகுதியில் கனடாவில் டாக்டர் மெக்கில்லிகடி என்ற பெயருடன் வெளிவந்து, 1989இல் அமெரிக்காவின் சாசராக் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2007இல் இன்றைய பெயரைப் பெற்ற பானம் இது. மதுசாரம் 33 வீதம். அமெரிக்காவில் ஏறக்குறைய இதே முகப்புடன், ‘விஸ்கி’ என்ற சொல் இல்லாமல் விற்கப்படும் சிறு போத்தல்களில் இருப்பது 16.5 வீத மோல்ற் பானம், அதாவது முளைவிட்ட தானியத்தை நொதிக்கவைத்துச் செய்தது. அங்கே வாங்குவோர் முகப்பை முழுமையாக வாசிக்க வேண்டும்.

சுவையைப் பொறுத்தவரை, இங்கே காதலர் தினத்தில் விற்கும் சிவப்புக் கறுவா மிட்டாயின் நினைவுதான் முதலில் வருகிறது. இனிப்பு முந்திக்கொள்கிறது, காரம் தொண்டையில் எரிகிறது, ஆனால் விஸ்கியின் தானிய மணமும் மரப்பீப்பாயின் மணமும் தேடினாலும் அகப்படவில்லை. எனக்கு வேண்டியது அந்த மணமும் கறுவாவின் மணமும் ஒன்றாக நிற்கும் பானம் என்பதால் வீட்டில் ஊறவைக்கத் தொடங்கினேன்.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதித் தமிழ்க் கடைகளில் இரண்டு வகைக் கறுவாவும் கிடைக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய பல அடுக்குகள் சுருட்டிற்குள் சுருட்டாக அமைந்தது, விரலால் நெரித்தாலே நொறுங்கும். கசியா ஒற்றைத் தடிப்பட்டையாக இருபுறமும் உள்ளே மடிந்திருக்கும், உடைக்கவே பலம் வேண்டும். ஊர்ப்பற்றினால் முதன்முறை இலங்கைக் கறுவாவை மட்டும் போட்டேன். மணம் அருமையாக வந்தது, எரிவு வரவில்லை. அடுத்த முறை கசியாவை மட்டும் போட்டு இரண்டு கிழமை மறந்திருந்ததில், துவர்ப்பு ஏறி மரத்தூளைக் கரைத்ததுபோல் ஆகிவிட்டது.

இப்போது 750 மில்லிலீற்றர் சாதாரண கனடிய ரை விஸ்கிக்கு இரண்டு துண்டு கசியாவும் மூன்று துண்டு இலங்கைக் கறுவாவும் போட்டு, நாலாம் நாள் எடுத்துவிடுகிறேன். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு துளி நாவில் வைத்துப் பார்ப்பேன். விதை நீக்கிய செத்தல் மிளகாய் ஒன்று, கடைசி எட்டு மணி நேரத்துக்கு மட்டும் போதும், ஏனெனில் அதன் காரம் தண்ணீரைவிட மதுசாரத்தில் மிக எளிதாக இறங்கும். கறுவாத்தூளைத் தொடவே வேண்டாம். அது நீரை உறிஞ்சி வழுவழுப்பான களியாகி அடியில் தங்கும், எந்தத் துணியாலும் சரியாக வடியாது. கசியாவைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கல்லீரலுக்கு ஆகாத கூமரின் அதில் இலங்கைக் கறுவாவைவிடப் பன்மடங்கு அதிகம்.

இனிப்பில்தான் வீட்டுப் போத்தல் வென்றுவிடுகிறது. 40 வீத விஸ்கி 750 மில்லிலீற்றரில் 300 மில்லிலீற்றர் மதுசாரம் இருப்பதால், 160 மில்லிலீற்றர் சீனிப்பாகு சேர்த்தால் ஃபயர்போலின் அதே 33 வீதத்துக்கு வந்து நிற்கும். நான் அதில் பாதியோடு நிறுத்துகிறேன். 36 வீதத்தில் விஸ்கி தன் குரலை இழக்காமல் இருக்கிறது. பாகை நன்றாக ஆறவிட்டே ஊற்ற வேண்டும்.

விருந்தில் பலருக்கு ஒரே நேரத்தில் ஊற்றிக் கொடுக்க ஃபயர்போல் நல்ல பானம்தான், அதை வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஊறியதை மட்டும் உறைபெட்டியில் வைக்காதீர்கள், குளிர் அதன் மணத்தை அடக்கிவிடும். இலையுதிர்காலத்தில் இங்கே வரும் கலங்கலான அப்பிள் சாற்றை இளஞ்சூடாக்கி, ஒரு குவளைக்கு 30 மில்லிலீற்றர் விட்டு, ஆவி அடங்குமுன் குடியுங்கள்.