பாட வராதவர் பாடிய படம்: ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ ப்ளூ-ரே

ஹாலிவுட்டின் பழைய இசைப்படங்களை விரும்புகிறவர்களிடம் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ என்று பெயரை எடுத்தாலே, பேச்சு படத்தை விட்டுவிட்டு மார்லன் பிராண்டோவின் தொண்டைக்குப் போய்விடும். பாடத் தெரியாத ஒருவரை நாயகனாகப் போட்டு, பாட்டுக்கென்றே பிறந்த ஃபிராங்க் சினாட்ராவைப் பக்கத்தில் நிற்க வைத்த படம் என்பது ஒரு தரப்பின் தீராத குறை. அந்தக் குரல் எப்படியிருந்தாலும் ஸ்கை மாஸ்டர்சன் என்ற சூதாட்டக்காரரைத் திரையில் நம்ப வைத்தவர் பிராண்டோதான் என்பது மறுதரப்பு. 1955-ல் வெளியான இந்தப் படத்தின் ப்ளூ-ரே வட்டை இப்போது போட்டுப் பார்க்கும்போது, இரு தரப்பும் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்ற ஐயம் எழுகிறது. ஒரு தரப்பு படத்தைக் கேட்கிறது. இன்னொரு தரப்பு பார்க்கிறது.

கதை டேமன் ரன்யனின் நியூயார்க் சிறுகதைகளிலிருந்து பிறந்தது. 1950 நவம்பரில் அந்நகரின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம் 1,200 முறை நடந்தது. பாடல்கள் ஃபிராங்க் லெஸ்ஸருடையவை. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் படமாக்கும் உரிமையைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கி, வசனத்தில் பெயர் பெற்ற ஜோசஃப் மான்கிவிச்சிடம் இயக்கத்தை ஒப்படைத்தார். சூதாட்டக் கூட்டம் நடத்த இடம் பிடிக்க நேதன் டெட்ராய்ட்டுக்கு (சினாட்ரா) 1,000 டாலர் தேவைப்படுகிறது. எந்தப் பெண்ணையும் தன்னால் ஹவானாவுக்கு அழைத்துச் செல்ல முடியும் என்று சொல்லும் ஸ்கையிடம் அவர் பந்தயம் கட்டி, நற்செய்தி மன்றத்தில் பாவிகளைத் திருத்தப் பாடுபடும் சேரா பிரவுனை (ஜீன் சிம்மன்ஸ்) கைகாட்டுகிறார்.

குறை சொல்கிறவர்களின் கட்சி வலுவானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பிராண்டோவின் குரல் மெல்லியது. மேல் சுரங்களில் மூக்கின் வழியே நழுவுகிறது. பல முறை பாடிப் பதிந்தவற்றிலிருந்து நன்றாக வந்த துண்டுகளைத் தேடி ஒட்டித்தான் பாடல்கள் உருவாயின. பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டார். ‘லக் பி எ லேடி’ பாடலில் இது மறைக்க முடியாதபடி தெரிகிறது. பாதாளச் சாக்கடையில் கூடியிருக்கும் சூதாடிகள் ஒவ்வொருவருக்கும் எதிராக, தோற்றால் ஆளுக்கு 1,000 டாலர், வென்றால் அத்தனை பேரும் நள்ளிரவுப் பிரார்த்தனைக்கு வர வேண்டும் என்று பணயம் வைத்துவிட்டு, கையில் தாயக்கட்டையைக் குலுக்கியபடி அதிர்ஷ்ட தேவதையை மன்றாடும் பாட்டு அது. அங்கே தேவைப்படும் முழக்கம் அவரிடம் இல்லை. சினாட்ரா 1963-ல் இதே பாடலைப் பதிவு செய்து தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார். இன்று பெரும்பாலானோர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் படத்துக்கு வருகிறார்கள் என்பதால், ஒப்பீடு இன்னும் கொடுமையாகிவிடுகிறது.

ஸ்கை வேடத்தைச் சினாட்ரா விரும்பியது ஊரறிந்த செய்தி. அதற்கு முன் ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தின் நாயக வேடமும் அவர் கையிலிருந்து நழுவிப் பிராண்டோவிடம் போயிருந்தது. 1955-ல் அதற்காகப் பிராண்டோ ஆஸ்கர் விருதும் பெற்றார். ஆகவே படப்பிடிப்பில் இருவருக்கும் இடையே நல்லுறவு இல்லை. ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் கதைகள் ஏராளம். அவற்றில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படத்தைப் பார்க்க வேண்டும்.

என் கணக்கில் படத்தின் பெரிய பிசகு சினாட்ராவின் வேடத்தில் இருக்கிறது. பிராட்வேயில் நேதனாக நடித்த சாம் லெவீனுக்குப் பாட வராது. அதனால்தான் அந்தப் பாத்திரத்துக்கு லெஸ்ஸர் மிகக் குறைவாகப் பாட்டு வைத்தார். பாடும் வேடம் ஸ்கையினுடையது, பதறும் வேடம் நேதனுடையது என்ற அந்தப் பங்கீட்டைப் படம் தலைகீழாக்கிவிட்டது. 14 ஆண்டுகளாகத் திருமணத்தைத் தள்ளிப்போட்டு, காவலருக்கும் காதலிக்கும் நடுவே வியர்த்துப்போகும் ஆசாமியாகச் சினாட்ரா ஒரு காட்சியில்கூட வியர்ப்பதில்லை. அவருக்கென்று, அந்தக் காதலியின் பெயரிலேயே ‘அடலெய்ட்’ என்ற புதிய பாடலைச் சேர்த்தார்கள். அது காதுக்கு இனிமை, நேதனுக்கோ பொருந்தவில்லை. இவரை அங்கே உட்கார வைத்த குறைக்கும் சேர்த்துப் பிராண்டோவே திட்டு வாங்குகிறார்.

பார்க்கிறவர்களின் கட்சிக்கு இனி வருவோம். ரன்யனின் போக்கிரிகள் பத்திரம் எழுதுகிறவர்களைப் போல முழு வாக்கியங்களில், சிறிதும் சுருக்காமல் பேசுவார்கள். அந்த நடையை முணுமுணுப்புக்குப் பேர்போன பிராண்டோ இத்தனை தெளிவாக உச்சரிப்பது வியப்பு. நேற்று உணவகத்தில் அதிகம் விற்றது ஸ்ட்ரூடலா சீஸ்கேக்கா என்று நேதன் பந்தயத்துக்கு இழுக்கும்போது, ஸ்கை தன் தந்தை சொன்ன அறிவுரையை எடுத்து விடுகிறார்: புத்தம்புதுச் சீட்டுக்கட்டிலிருந்து ஸ்பேட் ஜாக் எழுந்து உன் காதில் ஆப்பிள் சாறு பீய்ச்சும் என்று ஒருவன் பந்தயம் கட்ட வந்தால் கட்டாதே, காது நிறையச் சாறுதான் மிஞ்சும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. ஏதோ குடும்பச் சொத்தின் விவரத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார். சிரிப்பு நமக்கு வருகிறது.

ஹவானாக் காட்சி அதைவிட நன்று. பால் என்று எண்ணி சேரா ஆசையாகக் குடிக்கும் பானத்தில் பகார்டி ரம் கலந்திருக்கிறது. இரவில் கெடாமல் இருக்க ஏதோ சேர்ப்பார்கள் என்று ஸ்கை சொல்ல, குழந்தைகளைப் பால் குடிக்க வைக்க இது நல்ல வழி என்று அவள் மெச்சுகிறாள். தொடர்ந்து ஜீன் சிம்மன்ஸ் சொந்தக் குரலில் ‘இஃப் ஐ வேர் எ பெல்’ பாடும்போது பிராண்டோ செய்வதெல்லாம் கேட்பதுதான். வென்றுவிட்ட பந்தயம் மெல்ல மெல்லச் சுமையாக மாறுவது அந்தக் கேட்கும் முகத்தில் தெரிகிறது. நன்றாகப் பாடத் தெரிந்த பலருக்கு இந்தக் கேட்டல் வராது.

இரவல் குரல் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். மறு ஆண்டே ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தில் டெபோரா கெர்ருக்காக மார்னி நிக்ஸன் பாடினார். பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நமக்கும் அதில் உறுத்தல் இருக்காது. ஆனால் பேசும்போது இத்தனை தாழ்ந்து, நெருங்கி ஒலிக்கும் குரல் பாட்டு வந்ததும் வேறொருவருடைய வெண்கலக் குரலாக மாறியிருந்தால் ஸ்கை இரண்டாகப் பிளந்திருப்பார்.

படத்தில் வேறு குறைகளும் உள்ளன. இரண்டரை மணி நேரம் என்பது கூடுதல். பாதி ஓவியமும் பாதி நிஜமுமான தெருக்கள் எல்லோருக்கும் பிடிக்காது. ‘ஐ’வ் நெவர் பீன் இன் லவ் பிஃபோர்’ என்ற அருமையான பாடலை நீக்கிவிட்டு ‘எ உமன் இன் லவ்’ பாடலைச் சேர்த்தது நல்ல மாற்றாகத் தோன்றவில்லை. மறுபக்கம், நாடகத்திலிருந்தே வந்த விவியன் பிளேன் (நேதனின் காதலி), ஸ்டபி கேய் (நேதனின் சூதாடி நண்பர்) இருவரும் வரும் இடமெல்லாம் படம் நிமிர்ந்து உட்காருகிறது. மைக்கேல் கிட் அமைத்த சூதாட்ட நடனத்துக்காகவாவது இதைக் கைபேசியில் பார்க்காமல், கிடைக்கும் பெரிய திரையில் பார்க்க வேண்டும். வட்டை வாங்கலாம். பாடல்களை மட்டும் தனியாகக் கேட்க நினைப்பவர்கள் பிராட்வே நடிகர்களின் பதிவைத் தேடிக்கொள்வது நல்லது. அதில் ஸ்கையாகப் பாடும் ராபர்ட் ஆல்டாவிடம் குரல் இருக்கிறது.