கைரேகையா, முகமா: பனியன் கம்பெனிக்கு எந்த வருகைப்பதிவுக் கருவி?

எங்கள் யூனிட்டில் கைரேகைக் கருவியைக் கழற்றிவிட்டு, முகம் பார்த்துப் பதிகிற கருவியை மாட்டி 14 மாதம் ஆகிறது. திருப்பூரில் எங்களைப் போலவே 80, 90 பேரை வைத்து வேலை நடத்துகிறவர்கள் சிலர் எதை வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். என் ஓட்டு முகக் கருவிக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணினி படித்தவன் இல்லை, சனிக்கிழமை சம்பளம் போடுகிற ஆள், அந்த மேசையிலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அடையாளக் கார்டைக் காட்டிப் பதிகிற கருவியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மலிவு, வேகம், கையில் எண்ணெய் இருந்தாலும் படிக்கும். ஆனால் ஒருவர் கார்டை இன்னொருவர் காட்டிவிட்டுப் போவதைத் தடுக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரிந்ததே. மலிவாகக் கிடைக்கிற 125 கிலோஹெர்ட்ஸ் கார்டை நகல் எடுப்பதும் சுலபம். மொபைல் ஆப், ஆர்டர் வேலையாக வெளியே சுற்றுகிற மெர்ச்சண்டைசருக்கும் டிரைவருக்கும் நல்லது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற அக்காவிடம் தினமும் காலையில் லொகேஷனை ஆன் பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆக எங்களைப் போன்ற யூனிட்டுக்குப் போட்டி கைரேகைக்கும் முகத்துக்கும்தான்.

வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேரைப் பதியலாம், எத்தனை நொடியில் படிக்கும், என்ன விலை என்று கேட்கிறார்கள். 90 பேருக்கு இன்றைக்குச் சந்தையில் இருக்கிற எந்தக் கருவியும் போதும். நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: வாரத்துக்கு எத்தனை பதிவை நீங்கள் கையால் திருத்த வேண்டி வரும்?

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், இங்கே ஷிப்ட் கணக்கு அப்படி. காலை எட்டரைக்கு வந்து சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. வெளியே போகும்போது வைத்த விரலைக் கருவி படிக்காமல் விட்டால் அரை ஷிப்ட் கூலி தாளில் வராது. "ஏனுங்க, வெள்ளிக்கிழமை எட்டரை வரைக்கும் இருந்தேனுங்க, அரை ஷிப்டைக் காணோமே" என்று ஒரு அக்கா வந்து நிற்கும்போது அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குச் சாட்சி கருவியில் இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் நினைவிலிருந்து சொல்லி, நான் கையால் ஏற்ற வேண்டும். கைரேகைக் கருவி இருந்த காலத்தில் எங்களுக்கு இது வாரம் 20, 25 முறை நடந்தது. 25 இடத்தில் கையால் திருத்திய பதிவுக்கும் கையால் எழுதுகிற பழைய வருகை நோட்டான மஸ்டர் ரோலுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்? சூப்பர்வைசருக்குப் பிடித்த ஆளுக்கு அரை ஷிப்ட் கிடைக்கும், வாய் பேசாத ஆளுக்குக் கிடைக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பையன்கள் பாஷை தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்தது அதுதான்.

சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பது கணக்கு. எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வந்து கருவியிலிருந்து எடுத்த பதிவையும் சம்பளத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கையால் ஏற்றிய வரிகளைத்தான் முதலில் கேட்கிறார்.

சரி, கைரேகை ஏன் படிக்கவில்லை? கருவியில் கோளாறு என்று முதலில் நினைத்தேன், சர்வீஸ் ஆளும் இரண்டு முறை வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார். அப்புறம் யாருக்கெல்லாம் விட்டுப்போகிறது என்று ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. தைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சரியாக விழுந்தது. அயர்ன் டேபிள்காரர்களுக்குச் சூட்டில் விரல் காய்ந்து போயிருக்கும். துணியில் எண்ணெய்க் கறை எடுக்கிற இடத்தில் கெமிக்கலோடு புழங்குகிறவர்களுக்குத் தோல் உரிந்திருக்கும். செக்கிங்கில் பத்துப் பதினைந்து வருஷமாகத் துணியைத் தடவித் தடவிப் பார்த்த பெண்களுக்கு ரேகையே தேய்ந்து மழுங்கியிருக்கிறது. கருவி விரலைப் படமாக வைத்துக்கொள்வதில்லை, ரேகை முடிகிற, பிரிகிற புள்ளிகளை எண்களாக வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. புள்ளியே தெரியாவிட்டால் அது எதை ஒப்பிடும்? மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். பனியன் கம்பெனி என்பதால் பஞ்சு வேறு பறந்து வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆளுக்கு இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல் பதிந்து பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது. ஆனால் யாருடைய உழைப்பு அதிகமோ அவருடைய விரலைத்தான் கருவிக்குத் தெரியவில்லை, அது மாறவில்லை. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எங்களுடையது விரலை வெளிச்சம் போட்டுப் பார்க்கிற பழைய ஆப்டிகல் சென்சார், சுமார் ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. அதைவிட நல்ல சென்சார் உள்ள கருவியை நான் வைத்துப் பார்த்ததில்லை, அது எங்களுடையதைவிடத் தேவலையாக இருக்கலாம். ஏசி ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்களுக்குக் கைரேகையே தாராளமாகப் போதும்.

முகக் கருவி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை ஆனது. மாட்டிய முதல் வாரம் அதுவும் படுத்தியது. வாசல் கிழக்குப் பார்த்தது, கருவியை வாசலைப் பார்க்க மாட்டிவிட்டார்கள். காலை எட்டரை மணி வெயில் ஆட்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்க, கருவிக்கு எல்லோருமே நிழலாகத்தான் தெரிந்தார்கள். உள்பக்கச் சுவருக்கு மாற்றி, மேலே ஒரு டியூப்லைட் போட்ட பிறகு வாரத்துக்கு மூன்று, நான்கு திருத்தம்தான் வருகிறது. இந்த இடம் பார்க்கிற வேலையை விற்கிறவர் செய்து தரமாட்டார், காலையிலும் ராத்திரியிலும் அங்கே நின்று வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பாருங்கள். வரிசையும் குறைந்துவிட்டது, எட்டு இருபத்தைந்துக்கு மொத்தமாக வருகிற கூட்டம் நின்று நின்று விரலைத் துடைக்காமல் முகத்தைக் காட்டிக்கொண்டே நடந்து போகிறது.

பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தால் என்ன செய்யும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்களிடம் மொட்டையோடு வந்த ஐந்து பேரில் நான்கு பேரைக் கண்டுகொண்டது, மீசையும் சேர்த்து எடுத்த ஒருவரை மட்டும் மறுபடி பதிய வேண்டியிருந்தது. கார்த்திகையில் மாலை போட்டுத் தாடி வளர்க்கிறவர்களால் தொந்தரவு வரவில்லை. கட்டிங்கில் தூசுக்கு மாஸ்க் போடுகிறவர்கள் அதை இறக்கிக் காட்ட வேண்டும்.

நெட்வொர்க் விஷயம் இரண்டுக்கும் பொது, ஆனாலும் கை வைத்துத் திருத்துவதில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. வைஃபையை நம்பாதீர்கள், ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கருவிக்கு நிலையான ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் விலாசம், கொடுத்துவிடச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒருமுறை ரவுட்டர் மாற்றியதும் கருவி வேறு எண்ணுக்குப் போய், கம்ப்யூட்டருக்கு இரண்டு நாள் அகப்படவே இல்லை. பதிவு கருவிக்குள்ளேயே தங்கும் என்பதால் ஒன்றும் தொலையவில்லை, பென்டிரைவில் இறக்கிக்கொண்டோம். இன்டர்நெட் போனாலும் உள்ளே சேர்த்து வைத்து அப்புறம் அனுப்புமா என்று வாங்குமுன், கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் கருவியின் கடிகாரம். உள்ளே ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கிறது, கரண்ட் இல்லாதபோதும் நேரத்தைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பழைய கருவியில் அது தீர்ந்துபோயிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்ததும் தேதி 2000 ஜனவரி 1 என்று நின்றுவிட்டது, மறுநாள் காலைப் பதிவு முழுவதும் அந்தத் தேதியில் போய் உட்கார்ந்துகொண்டது. விற்ற கடையில் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள், பேட்டரி விலை ஐம்பது ரூபாய்கூட இருக்காது. இப்போது கருவிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறோம், மென்பொருள் தினமும் இரவில் நேரத்தைச் சரிசெய்கிறது. இரண்டு வாசலில் இரண்டு கருவி இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரு வாசலில் நேரத்துக்கு வந்தவர் இன்னொரு வாசலில் லேட் ஆகிவிடுவார். பெரிய கம்பெனிகளில் பல கருவிகளைச் சேர்த்து ஓட்டுகிற அனுபவம் எனக்கு இல்லை, அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முகமோ விரலோ, கார்டு மாதிரி தொலைந்தால் வேறு கொடுக்க முடியாத பொருள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்த ஆளுடைய சொத்து, நமக்கு இரவல். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறவர்கள் எங்களிடம் நிறைய. கணக்கு முடித்த அன்றே அவர்கள் முகத்தைக் கருவியிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிடுகிறேன். வருகை நேரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வேலையும் செய்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வாரத்துப் பதிவைத் தமிழிலும் இந்தியிலும் அச்செடுத்துச் சாப்பாட்டு இடத்தில் ஒட்டிவிடுகிறோம். யாருக்காவது பஞ்ச் விட்டுப்போயிருந்தால் சனிக்கிழமைக்கு முன்பே வந்து சொல்லிவிடுகிறார்கள், சூப்பர்வைசருக்கும் நேற்று நடந்தது நினைவிருக்கிறது. இதற்கு எந்தக் கருவியாக இருந்தாலும் சரி, ஒரு தாள்தான் செலவு.

பழைய கைரேகைக் கருவியைத் தூக்கிப்போடவில்லை. புது பேட்டரி போட்டு நூல் குடோன் வாசலில் மாட்டியிருக்கிறோம், அங்கே ஆறு பேர்தான் வருகிறார்கள், ஆறு பேர் விரலும் சரியாக விழுகிறது.