ஜிஆர் 4-ஐ வாங்குவதா, எக்ஸ்100விஐ-யை வாங்குவதா?

2025 மே மாதம் ரிக்கோ ஜிஆர் 4 பற்றி அறிவித்ததிலிருந்து சின்ன கேமரா பிரியர்கள் பலருக்குக் கை பரபரத்தது. அந்த வருடம் செப்டம்பரில் அது கடைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அதை வாங்கவா, பேசாமல் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100விஐ-யை வாங்கிவிடவா? பகல் படங்களின் தரத்துக்காக மட்டும் என்றால் ஜிஆர் 4-இல் பெரிய லாபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவதற்கு என்றால் ஜிஆருக்குப் போட்டியே கிடையாது, தாராளமாக வாங்குங்கள்.

முதலில் மெகாபிக்சல் கதையை முடித்துவிடுவோம். முந்தைய ஜிஆர் 3-இல் 24, புதியதில் 25.7. அகலவாட்டில் மூன்று சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதான், பிரிண்ட் போட்டுப் பார்த்தாலும் யாருக்கும் தெரியாது. கவனிக்க வேண்டியது லென்ஸ். பழையதில் நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள், புதியதில் ஐந்து தொகுதிகளில் ஏழு, அதே 18.3 மி.மீ. குவியத் தூரம், அதே எஃப்/2.8 (லென்ஸின் ஒளித் துளை, அதாவது அபெர்ச்சர், எவ்வளவு திறக்கும் என்பதற்கான எண்; எண் குறைந்தால் ஒளி கூடும்). ஜிஆர் 3-இன் நடுப்பகுதி முழு அபெர்ச்சரிலேயே கூர்மையாகத்தான் இருக்கும், குறை என்றால் மூலைகளில்தான். இவ்வளவு மெல்லிய கேமராவில் லென்ஸ் சென்சாரை ஒட்டியே இருப்பதால் ஓரத்துக்குப் போகும் ஒளி சாய்வாக விழுகிறது, புதிய பின்புற ஒளியேற்றச் சென்சார் (கம்பிகள் ஒளியை மறைக்காமல் பின்னால் போய்விடும் வகை) அந்தச் சாய்வொளியை முன்னதைவிட நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆக, வித்தியாசம் தெரிந்தால் ஓரங்களில் தெரியும், பிறகு இருட்டில் கொஞ்சம்.

இருட்டு என்றதும் ஃபுஜி முன்னே வந்துவிடுகிறது. இரண்டிலும் சென்சார் ஒரே அளவு, ஏபிஎஸ்-சி. ஆனால் ஃபுஜியின் 23 மி.மீ. லென்ஸ் எஃப்/2 வரை திறக்கும், அதாவது இரண்டு மடங்கு ஒளி. சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் டீ மாஸ்டர் ஆற்றுவதை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கிளாஸுக்கும் குவளைக்கும் நடுவில் நீளும் அந்த டீயை உறைய வைக்க ஷட்டர் 1/250 நொடி வேண்டும், ஜிஆரில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூட்டக் கூட்டப் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 கேட்கும் இடத்தில் ஃபுஜியில் 3200 போதும். ஜிஆர் 4-இல் ஐந்து அச்சு நடுக்கக் கட்டுப்பாடு, ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) வரை என்கிறார்கள், சரி, ஆனால் அது நிறுத்துவது நம் கையின் நடுக்கத்தை, மாஸ்டர் கையை அல்ல! ஃபுஜியிலும் ஆறு ஸ்டாப் கட்டுப்பாடு இருக்கிறது என்பதால் அந்தக் கணக்கும் சமமாகிவிடுகிறது.

க்ராப் செய்வதிலும், அதாவது படத்தை வெட்டிக்கொள்வதிலும், ஃபுஜிக்கே சாதகம். ஃபிலிம் கேமராக் கணக்கில் ஃபுஜியின் லென்ஸ் 35 மி.மீ., ஜிஆருடையது 28. 40 மெகாபிக்சலை 35-லிருந்து 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் கிட்டத்தட்ட 20 மிஞ்சும். ஜிஆர் 4-ஐ 28-லிருந்து 50-க்கு வெட்டினால் எட்டுதான். 40 மெகாபிக்சல் என்றால் நாய்ஸ் (அந்தப் புள்ளிகள்) அதிகம் என்று பயப்படுபவர்கள் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள். ஒரே அளவு பிரிண்டுக்குச் சுருக்கினால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அப்புறம் ஏன் ஜிஆர்? ஏனென்றால் ஃபுஜி 521 கிராம், கழுத்தில்தான் தொங்கவிட வேண்டும், ஜிஆர் 4 அதில் பாதி. தெருவில் அதைவிடப் பெரிய காரணம் ஸ்னாப் ஃபோகஸ், அதாவது ஃபோகஸை முன்கூட்டியே ஒரு தூரத்தில் நிறுத்திவைப்பது. ஜிஆரை 2 மீட்டரில் நிறுத்தி எஃப்/5.6 வைத்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவு, ஃபோகஸ் பற்றிய நினைப்பே இல்லாமல் பொத்தானை அழுத்தலாம். அதே தூரம், அதே அபெர்ச்சர் ஃபுஜியில் என்றால் 1.4-லிருந்து மூன்றரை மீட்டர்வரைதான். இந்த வசதியைச் சோதனைக்கூட அட்டவணைகளில் தேடினால் கிடைக்காது, ஆனால் தப்பிப் போகாமல் கிடைத்த படம்தானே முதல் தரம்?

ஜிஆருக்குக் குறைகளும் உண்டு. வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது, நம் ஊர் உச்சி வெயிலில் திரை கண்ணாடி மாதிரி நம் முகத்தையே காட்டும், ஜிஆர் 3-இல் பேட்டரி 200 படத்துக்கு மேல் தாங்காது (ஃபுஜியில் ஆப்டிகல் வியூஃபைண்டரில் 450), நீட்டி மடங்கும் லென்ஸ் வழியாகத் தூசி போய்ச் சென்சாரில் உட்காருவது ஜிஆர்காரர்களின் தீராத புலம்பல். மங்கலில் ஜிஆர் 3-இன் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். புதியதில் இது சரியாகியிருக்கிறதா என்பதுதான் எனக்கு மெகாபிக்சலைவிட முக்கியம்.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 பற்றியும் கேட்கிறார்கள். 2019-இல் வந்தது. 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் வேண்டும் என்றால் இந்த மூன்றில் அது ஒன்றுதான், ஆனால் படத் தரத்துக்காக அதை எடுக்காதீர்கள். அதில் இருக்கும் அதே ஒரு அங்குல அளவுச் சென்சார் ஷாவ்மி 13 ப்ரோ கைபேசியிலேயே இருக்கிறது, அதுவும் எஃப்/1.9 லென்ஸோடு. கணக்குப் போட்டால் ஜிஆர்கூட அந்தக் கைபேசியைவிட அரை ஸ்டாப் ஒளிதான் அதிகம் வாங்குகிறது! கைபேசி நமக்குப் பிடிக்காமல் போவது அது பல ஃப்ரேம்களை ஒட்டி, கூர்மையை ஏற்றி, நிழலை எல்லாம் வெளுக்க வைப்பதால். ஜிஆரின் ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில்) நிழல் நிழலாக இருக்கும், வெளுக்க வேண்டுமா வேண்டாமா என்பது நம் இஷ்டம்.

ஜிஆர் 3 ஏற்கெனவே கையில் இருந்தால் கடைக்கு ஓடாதீர்கள். ஜிஆர் 4-இன் ரா ஃபைல்கள் கிடைத்தால் எஃப்/2.8-இல் எடுத்த படத்தின் நான்கு மூலைகளையும், ஐஎஸ்ஓ 6400-இல் நிழல் பகுதிகளையும் திறந்து பாருங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைத் தேட வேண்டியிருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். கையில் எதுவுமே இல்லை, எடுப்பது பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் கல்யாண மண்டபத்திலும் ஓடும் பிள்ளைகளைத்தான் என்றால் எக்ஸ்100விஐ. கிடைக்கிற கடையில் இன்றே சொல்லி வையுங்கள், 2024 பிப்ரவரியில் அறிவித்ததிலிருந்தே அதற்கு வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது.