இரும்புக் கோழிக்கூண்டு: மூன்று வருடம் வைத்திருந்த அனுபவம்

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, நீங்க வாங்குன அதே கூண்டு இப்ப ரெண்டாயிரம் ரூபா குறைச்சுப் போட்டிருக்காங்க, வாங்கிரவா?" அன்று காலையில்தான் அந்தக் கூண்டுக்கு மூன்றாவது அடித்தட்டு செய்ய வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தச் சூட்டில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் ஆகியும் சூடு தணியவில்லை, இருந்தாலும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீடு. பின்னால் நாலு தென்னை, ஒரு பலா, ஆறு பெட்டையும் ஒரு சேவலும். முன்பு மரச்சட்டத்தில் அறுகோணக் கண் உள்ள கோழிவலையை ஆணியடித்து நானே ஒரு கூடு செய்திருந்தேன். அந்த வலைக் கம்பி கையால் இழுத்தாலே வளையும். ஒரு ராத்திரி மரப்பட்டி (மரநாய்) ஓரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் நாலு கோழியைக் கடித்துப் போட்டுவிட்டது. அதில் இரண்டு, நான் குஞ்சிலிருந்து வளர்த்தவை. மறுநாளே தேட ஆரம்பித்து வாங்கியதுதான் இந்த இரும்புக் கூண்டு: 4 அடிக்கு இரண்டரை அடி, சுற்றிலும் அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை), மேலே தகரம், கீழே இழுத்து எடுக்கிற தட்டு.

மூன்று வருடத்தில் ஒரு கோழி போகவில்லை. மழைக்காலத்தில் இரண்டு தடவை காலையில் பார்த்தபோது மெஷ்ஷில் நகக்கீறல் இருந்தது, பெயின்ட் உரிந்திருந்தது, கம்பி அசையவில்லை. கதவுக் கொண்டியும் நல்ல கொண்டி. ராத்திரி கோழி கொக்கரித்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிய காலம் போய், இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். அந்த ஒரு விஷயத்துக்கு அந்தக் கூண்டைக் கையெடுத்துக் கும்பிடலாம். கோழி மேல் ஏறுகிற செள் பூச்சித் தொல்லையும் மரக்கூட்டை விடக் குறைவுதான், ஏனென்றால் பகலில் செள் ஒளிந்துகொள்ள இரும்பில் இடுக்கு அவ்வளவாகக் கிடையாது.

அப்புறம் அந்தத் தட்டு.

கூண்டின் தரையும் அதே அரை அங்குல மெஷ். பாம்பு, எலி நுழையாது என்று விற்றவர் சொன்னார், அது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் கோழி எச்சமும் நுழையாது. பாதி மேலேயே ஒட்டிக் காய்ந்துவிடும், அதை இரும்புத் தகட்டால் சுரண்டித்தான் கீழே தள்ள வேண்டும். விழுகிற பாதி தட்டில் விழும், ஆனால் மேல்தகரம் பக்கவாட்டில் மூன்று அங்குலம்தான் நீண்டிருக்கிறது, அதனால் சாரல் நேராகத் தட்டுக்குள் இறங்கும். எங்கள் மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. தண்ணீரும் எச்சமும் கலந்து நிற்கிற தட்டிலிருந்து அமோனியா நெடி கிளம்பும், அந்த நெடி இரும்பை மட்டும் அரிக்கவில்லை, போன ஐப்பசியில் ஒரு வெள்ளைப் பெட்டைக்குக் கண்ணில் நீர் வடிந்து வீங்கியே போய்விட்டது. தட்டை எடுத்து வெளியே போட்ட பிறகுதான் சரியாயிற்று. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

முதல் தட்டு பதினாலு மாதத்தில் ஓட்டை. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "தகடு ஜிங்க் பூசுன ஜிஐதான் அண்ணாச்சி, வெல்டு வச்ச மூலையில ஜிங்க் கருகிப்போச்சு, துரு அங்கேருந்துதான் தொடங்கும்" என்றார். இரண்டாவதைக் கனத் தகட்டில் செய்தோம். அது துருப்பிடித்து ஊதி, ஓடுகிற பட்டையில் சிக்கிக்கொண்டது, தினமும் காலை ஆறு மணிக்கு அதை இழுக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எழுந்துவிடுவார்கள். இப்போது மூன்றாவது, 850 ரூபாய்.

"15 கோழி தாராளமாக அடையும்" என்று விற்றவர் சொன்னதையும் நம்ப வேண்டாம். மொத்தமே பத்து சதுர அடி. ராத்திரி அடைவதற்கு மட்டும் என்றாலும் நாட்டுக்கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடியாவது வேண்டும், மழைநாளில் பகலிலும் அடைத்து வைக்க நேர்ந்தால் ஏழே நெருக்கம்தான்.

ஆக, தம்பிக்கு என் பதில்: வாங்காதே. அந்தக் காசுக்கு அயனி மரச் சட்டத்தில் ஆசாரியை வைத்துக் கட்டு. பக்கங்களுக்கு இதே அரை அங்குல வெல்டு மெஷ், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே, கோழிவலை பக்கமே போகாதே. தரைக்கு மெஷ் வேண்டாம், ஒரு அங்குல இடைவெளி விட்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடி, எச்சம் தானாக விழும். அந்த இடைவெளியில் சின்னப் பாம்பு ஏறலாம், அதனால் முட்டையைச் சாயங்காலமே எடுத்துவிடு, குஞ்சும் தாயும் தனிப்பெட்டியில் இருக்கட்டும். கூட்டை மூன்றடி உயரத்தில் நிறுத்து, கீழே தட்டே வைக்காதே, மண்ணில் தென்னை நார்க்கழிவைப் பரப்பி வாரம் ஒருமுறை வாரித் தென்னை மூட்டில் போடு. ஓட்டுக்கூரை சுற்றிலும் ஒரு அடி நீளட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. செள்ளுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவ வேண்டியிருக்கும்.

என் கூண்டை விற்கப் போவதில்லை. நேற்று தட்டு வந்துவிட்டது, இன்னும் மாட்டவில்லை, சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன். கூண்டை ஹாலோபிளாக் வைத்து உயர்த்தி, அடியில் நார்க்கழிவைப் போட்டிருக்கிறேன். இன்று காலை நெடி இல்லை.