அருவியாற்றில் அரை நாள்

மன்னார் மாவட்டத்தில் அருவியாற்றைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் மடு வீதிச் சந்தியில் காலை 6 மணிக்கு நிற்கச் சொன்னார்கள். பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) வந்தது 7 மணிக்கு. "டீசல் அடிக்கப் போனது சேர், குறை நினைக்காதேங்கோ" என்றார் கூட்டிப்போகும் தம்பி. ஆவணி வெயிலில் ஒரு மணித்தியாலம் சின்ன விசயமில்லை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்கு 3500 ரூபா, மத்தியானச் சாப்பாடும் சேர்த்து. பெட்டியில் குலுங்கிப் போய் ஆற்றங்கரையில் இறங்கி, தேக்கம் அணை வரை நடை.

நான் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அருவியாறு எவ்வளவு தேறும் என்று புள்ளி போட்டுப் பார்க்கக் கையில் ஒரு தாளும் கொண்டுபோனேன். சில ஆறுகளை அணை கட்டாமல் அப்படியே ஓடவிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1968இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முதலில் சேர்ந்தவை 8 ஆறுகள். ஓர் ஆறு தகுமா என்று பார்க்க, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டு கேள்வி கேட்பார்கள். தடையில்லாமல் ஓடுகிறதா? அந்தப் பிரதேசத்தில் லேசில் கிடைக்காத ஒன்று, காட்சியோ மீனோ பழைய வரலாறோ, அதனிடம் உண்டா? துண்டாக்குவதில் எனக்கு நல்ல வசதி. மேலே நாச்சதுவக் குளம் மறித்திருக்கும் பகுதி தேறாது; அதற்காக நம் பக்கத்தையும் கழிக்கத் தேவையில்லை.

ஆனால் இறங்கியதும் முதல் கேள்வியிலேயே சறுக்கியது. ஆறு ஓடவே இல்லை, கண்ணுக்கெட்டிய வரை மணல். 164 கிலோமீற்றர் நீளம், இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு என்று எத்தனை வருசம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! தம்பி ஒன்றும் பேசாமல் குந்தியிருந்து கையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது, பிறகு ஓரங்களில் கசிந்தது, கொஞ்ச நேரத்தில் குழி நிரம்பியது. இரண்டு தரம் கலங்கலை அள்ளி ஊற்றினார். மூன்றாம் தரம் அடி மணல் தெரிந்தது. "யானையும் இப்பிடித்தான் தோண்டும் சேர்" என்று பத்தடி தள்ளி இருந்த பெரிய குழியைக் காட்டினார். அந்தச் சட்டப்படியும் வருசம் முழுக்க ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆற்றின் சிறப்பைத் தாங்குகிற அளவு நீர் இருந்தால் சரி.

அடுத்த வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு மடு. இரண்டு கரையிலும் மருதமரங்கள், வேரெல்லாம் வெளியே தெரிய நிற்கின்றன. ஈர மணலில் நடுவே வால் இழுத்த கோடு, இரு பக்கமும் கால் பதிவு. முதலை அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். என் தாளில் இந்தத் துண்டுக்கு முழுப் புள்ளி. ஆனால் இங்கே கிடைத்தது பத்தே நிமிடம்!

மிச்ச நேரம் முழுக்கத் தேக்கத்தில்தான் போனது. கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் திருப்பும் பழைய அணை, பார்க்க வேண்டியதுதான். தாழ்ந்த அணை இருக்கிறது என்பதற்காகவே ஓர் ஆற்றைத் தள்ளிவிட மாட்டோம் என்று அமெரிக்கச் சட்டமும் சொல்கிறது. அதற்காகப் படம் எடுக்க ஒரு மணித்தியாலமா? அதற்குக் கீழே டிப்பர் தடங்கள், மணல் அள்ளிய பள்ளங்கள். தம்பி அங்கே நடையைக் கூட்டினார். நான் நின்று எழுதினேன்.

சாப்பாட்டில் குறையே இல்லை. தாமரை இலையில் சிவப்பரிசிச் சோறு, யப்பான் மீன் (திலாப்பியா) பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. தண்ணீரைப் பிளாஸ்ரிக் போத்தலில் தராமல் ஒரு குடத்தில் கொண்டுவந்திருக்கலாம்.

போகிறவர்கள் தொப்பி கொண்டுபோங்கள், அந்த முதலை மடுவில் அரை மணித்தியாலம் வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். என்னிடம் தம்பி, "தை கடைசியில வாங்கோ சேர், ஓடுற ஆத்தைக் காட்டுறன்" என்றார். ஆயிரம் ரூபா முற்பணம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.