ரீபோர் போடலாமா வேண்டாமா: 50–160 மி.மீ. போர் கேஜ், வாங்கலாமா?

இன்ஜினைப் பிரித்துப் போட்டதும் மெக்கானிக் சிலிண்டருக்குள் விரலை விட்டு மேல் விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்ப்பார். நகம் தட்டினால் "ரீபோர் போட்டுடலாம்" என்பார், அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. தட்டாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் செட் மட்டும் மாறும். நகம் ஒரு படி இருப்பதைச் சொல்லும்; அந்தப் படி 3 பாயிண்டா 12 பாயிண்டா என்று சொல்லாது. (பட்டறையில் ஒரு பாயிண்ட் என்றால் 0.01 மி.மீ.) ரீபோர் வேண்டுமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதைக் காட்டுவது போர் கேஜ்: சிலிண்டருக்குள் விட்டு அதன் உள்விட்டத்தை (போர்) பார்க்கும் டயல் கருவி. ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ்100, பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் மாதிரியான வண்டிகளைப் பிரிப்பவர்களுக்கு 0.01 மி.மீ. டயல் உள்ள 50–160 வகை எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். போர் கேஜ் சிலிண்டரின் அளவைச் சொல்வதில்லை, வித்தியாசத்தைத்தான் சொல்கிறது. வெளி அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை 50.00-இல் பூட்டி, அதன் இரண்டு முகங்களுக்கு நடுவே கேஜை வைத்து, முள்ளை ஏறக்குறைய ஒரு சுற்று அழுத்தத்தில் நிறுத்தி, டயலைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புகிறோம். அதற்குப் பிறகு வரும் எல்லா எண்ணும் அந்த 50.00-இலிருந்து எவ்வளவு விலகல் என்பதுதான். மைக்ரோமீட்டர் தவறினால் கேஜும் அதே அளவு தவறும். ஆனால் டேப்பரும் (மேலுக்கும் அடிக்கும் உள்ள விட்ட வேறுபாடு) முட்டை வடிவமும் (ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வேறுபாடு) வித்தியாசங்களே என்பதால், அவற்றைப் பார்க்க மைக்ரோமீட்டரே தேவையில்லை. விலை குறைந்த கேஜ்கூட இந்த இரண்டையும் நம்பும்படி காட்டிவிடும். அதனால்தான் இந்தக் கருவியை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

சிலிண்டர் சமமாகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அமுக்குகிறது, அங்கே ஆயிலும் குறைவு. அதனால் தேய்மானம் அங்கேதான் அதிகம். பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) குறுக்கான திசையில் பிஸ்டன் சாய்ந்து உரசுவதால் அந்தப் பக்கம் இன்னும் கூடும். ரிங் எட்டாத கீழ்ப்பகுதி பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். எனவே மேல் படிக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின் கிடக்கும் திசையிலும் அதற்குக் குறுக்கிலுமாக ஆறு அளவு எடுக்க வேண்டும். ஆறையும் தாளில் எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

50 மி.மீ. போர் கொண்ட ஒரு சிலிண்டர் பிளாக்கில் குறுக்குத் திசையில் மேலே 50.09, அடியில் 50.02, பிஸ்டன் பின் திசையில் மேலே 50.05 வந்ததாக வைத்துக்கொள்வோம். டேப்பர் 7 பாயிண்ட், முட்டை வடிவம் 4 பாயிண்ட். ஒரு கம்பெனி மேனுவல் டேப்பருக்கு 0.05 வரை என்னும், இன்னொன்று 0.10 வரை விடும். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. ஆனால் அதோடு முடிவதில்லை. பழைய பிஸ்டன் 49.97 என்றால் மேலே இடைவெளி 0.12. புது ஸ்டாண்டர்ட் பிஸ்டன் 49.98 என்றால் 0.11. புது பிஸ்டனுக்குக் கொடுத்த காசுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாயிண்ட்! பிஸ்டன் கிட் மாற்றியும் தட்டல் சத்தம் போகவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ரிங்குக்கும் இதே கதி. 7 பாயிண்ட் டேப்பரில் ரிங் வாய் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் 0.22 மி.மீ. விரிந்து சுருங்குகிறது. புது ரிங் அப்படிப்பட்ட சுவரில் சரியாகப் படியாது.

அந்த 0.22 வந்த வழி எளிது: விட்டம் கூடியதை 3.14-ஆல் பெருக்கினால் ரிங் இடைவெளி கூடியது கிடைக்கும். இதைத் திருப்பிப் போட்டால் கேஜ் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். புது ரிங்கை பிஸ்டனால் நேராகத் தள்ளி, அடியிலும் மேலேயும் ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வாயை அளந்து, வித்தியாசத்தை 3.14-ஆல் வகுங்கள். அடியில் 0.15, மேலே 0.45 என்றால் டேப்பர் கிட்டத்தட்ட 0.095. செலவில்லாத நல்ல வழி. ஆனால் ரிங் சுற்றளவைத்தான் அளக்கிறது. முட்டை வடிவம் அதில் மறைந்துபோகும். வருடத்துக்கு ஒரு இன்ஜின் பிரிப்பவருக்கு இது போதும். பட்டறை வைத்திருப்பவருக்குப் போதாது.

இந்த வகையின் பெரிய குறை அதன் அளவு எல்லையிலேயே இருக்கிறது. ஸ்ப்ளெண்டரின் போர் 50 மி.மீ., ஆர்எக்ஸ்100-உம் 50தான். 50–160 கேஜுக்கு அது கீழ் விளிம்பு, 35–50 கேஜுக்கு அதுவே மேல் விளிம்பு. மிகச் சிறிய ஆன்வில் (சுவரைத் தொடும் முனை) போட்டும் சில பீஸ்கள் ஸ்டாண்டர்ட் போருக்குள் இறுக்கமாகவே போகும், முள் அசைய இடம் இருக்காது. வாங்கும் முன் 50 மி.மீ. பிளாக் ஒன்றில் விட்டுப் பாருங்கள். மிட்டுடோயோவில் 35–60 என்ற அளவு உண்டு. சின்ன வண்டிகளே அதிகம் வருகிற பட்டறைக்கு விலை கூடினாலும் அதுதான் சரி. 70 மி.மீ. போர் உள்ள புல்லட் 350-க்கு 50–160 நிம்மதியாகப் பொருந்தும். கூடவே இன்னொரு செலவையும் கணக்கில் வையுங்கள்: ஸ்ப்ளெண்டரின் ஸ்டாண்டர்ட் பிஸ்டனை அளக்க 25–50 மைக்ரோமீட்டர் வேண்டும், 0.25 ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிட 0.25 மி.மீ. பெரிய) பிஸ்டனுக்கு 50–75 வேண்டும்.

கடையில் வைத்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே இடத்தில் பத்து முறை எடுத்து வையுங்கள். முள் அரைக் கோட்டுக்குள் திரும்பி வர வேண்டும். பிறகு கேஜை 180 டிகிரி திருப்பி அதே இடத்தில் அளங்கள். எண் மாறினால் கேஜை நடுவில் நிறுத்தும் வழிகாட்டித் தகடு ஆடுகிறது என்று அர்த்தம், அந்தப் பீஸ் வேண்டாம். டயலைப் பிடிக்கும் திருகை அளவுக்கு மீறி இறுக்கினாலும் முள் சிக்கும். அது கருவியின் குறை அல்ல.

அளக்கும்போது கேஜை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். முள் ஒரு பக்கம் ஓடி, நின்று, திரும்பும். அந்தத் திரும்பும் புள்ளிதான் விட்டம். இங்கேதான் புதியவர்கள் தலைகீழாகப் படிப்பது: ஆன்வில் உள்ளே அமுங்கும்போது முள் வலப்புறம் சுற்றும், அதாவது பூஜ்ஜியத்தைத் தாண்டி வலப்புறம் போனால் போர் சிறியது. இடப்புறம் நின்றால்தான் தேய்மானம். ஆர்எக்ஸ்100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் வழிகாட்டித் தகடு போர்ட்டுக்குள் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளை) விழுந்தால் எண் பொய்யாகும். போர்ட்டுக்கு மேலும் கீழும் மட்டும் எடுங்கள். சூடும் ஏமாற்றும். 50 மி.மீ. இரும்பு ஸ்லீவ் (சிலிண்டரின் உள் குழாய்) 20 டிகிரி சூடேறினால் ஒரு பாயிண்ட் விரியும், அலுமினிய பிஸ்டன் இரண்டு பாயிண்டுக்கும் மேல் விரியும். வெயிலில் கிடந்த பிஸ்டனையும் நிழலில் இருந்த பிளாக்கையும் ஒப்பிட்டு இடைவெளி சொல்லக் கூடாது. மைக்ரோமீட்டர், பிஸ்டன், பிளாக் மூன்றும் ஒரே மேசையில் ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

கீறலை இந்தக் கருவி காட்டாது, ஆன்வில் அதன் மேலேயே ஓடிவிடும். சுவரில் 0.10 ஆழக் கீறல் இருந்தால், அது மறைய விட்டத்தில் 0.20 எடுக்க வேண்டும். அதற்குக் கண்ணும் நகமும்தான் துணை.

ஆறு எண்ணும் மேனுவல் வரம்புக்குள், கீறலும் இல்லை என்றால் ஹோனிங் (சுவரைக் கல்லால் மெலிதாகத் தேய்ப்பது) போட்டுப் புது ரிங் மாட்டினால் போதும். தாண்டியிருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ச் சுவர்ப் பகுதி) பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, மேனுவல் சொல்லும் உயரத்தில் அளந்து, அந்தப் பிஸ்டனையும் எழுதிய தாளையும் பிளாக்கோடு லேத் பட்டறைக்குக் கொடுங்கள். "0.25 போடுங்க" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது; போர் அந்தக் குறிப்பிட்ட பிஸ்டனுக்கு ஏற்றபடி வர வேண்டும், கடைசிச் சில பாயிண்ட் ஹோனிங்கில் முடிய வேண்டும். திரும்பி வந்த பிளாக்கில் மறுபடியும் ஆறு அளவு எடுங்கள். லேத் வேலை சரியாக இருந்தால் ஆறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ரீபோர் போட்ட பிளாக்கைச் சோதிக்காமலே மாட்டுவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. என்னைக் கேட்டால் இந்தக் கேஜின் விலை இந்த ஒரு சோதனையிலேயே திரும்பிவிடும்.

யமஹா ஆர்15-இன் டயாசில் (அலுமினியக் கலவை) சிலிண்டர் போல இரும்பு ஸ்லீவ் இல்லாத பிளாக்குகளுக்கு ஓவர்சைஸ் என்ற பேச்சே இல்லை. அங்கே கேஜ் சொல்லப்போவது பிளாக்கை வைத்துக்கொள்ளலாமா, புதிது வாங்க வேண்டுமா என்பதை மட்டும்தான்.