டெட்ராய்ட் கியூலைன் டிராம்: வண்டி அருமை, தடம் போட்ட இடம்தான் தப்பு

1950-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். ஆள் குறைந்தாலும் ஊரின் பரப்பு குறையவில்லை, சுமார் 360 சதுர கிலோமீட்டர். இத்தனை பெரிய ஊரில் வுட்வர்ட் அவென்யூ என்ற பிரதான சாலையில் 5.3 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது கியூலைன் டிராம். 2017 மே மாதம் தொடங்கியது.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டம் என்பதால் சக்கர நாற்காலி, குழந்தை வண்டி எல்லாம் நேராக ஏறிவிடும். சைக்கிளை உள்ளேயே செங்குத்தாக மாட்டலாம். பாதையில் பாதிக்கும் அதிகமான தூரத்துக்கு மேலே மின்கம்பி கிடையாது. அங்கே பேட்டரியில் ஓடுகிறது. ஆரம்பத்தில் ஒன்றரை டாலர் டிக்கெட் இருந்தது. கொரோனாவில் நின்று 2021 செப்டம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியதிலிருந்து கட்டணமே இல்லை.

சிக்கல் தடத்தில்தான். இரு முனைகளில் மட்டும் சாலை நடுவே ஓடுகிறது. மற்ற நீளம் முழுக்க வலது ஓரத்தில், கார்களோடு கலந்து. சரக்கு இறக்கும் லாரியோ, கோட்டைத் தாண்டி நிறுத்திய காரோ வழியில் நின்றால் பஸ் விலகிப் போகும், டிராம் போகாது. இழுவை வண்டி வரும்வரை பின்னால் வரும் டிராம்களும் அங்கேயே. பேஸ்பால், ஐஸ் ஹாக்கி ஆட்ட நாட்களில் இதற்குக் கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள். தண்டவாளப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் மாட்டும் ஆபத்தும் உண்டு. சைக்கிளில் வருவோருக்குப் பக்கத்துத் தெருவான காஸ் அவென்யூவே நல்லது.

இது தெரியாமல் நடந்ததல்ல என்பதுதான் வேதனை. ஊரின் வடக்கு எல்லையான எய்ட் மைல் சாலை வரை, 15 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை நடுவே லைட் ரயில் ஓட்டத்தான் முதலில் திட்டம். அதை 2011 டிசம்பரில் கைவிட்டார்கள். நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் போட்ட பணத்தோடு மத்திய அரசின் மானியமும் சேர்ந்து குறுகிய தடமாக வந்தது. மையநகரத்தின் அலுவலகம், அரங்கம், அருங்காட்சியகம் பக்கம் போகிறவர்களுக்கு வசதி; கார் இல்லாமல் வடக்குப் பேட்டைகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு முன்பு போலவே 4-ஆம் எண் பஸ்தான். பொதுப்பணம் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது அவர்களிடம். 2024-இல் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் கியூலைனை எடுத்துக்கொண்டது. தனித்தடம் நெடுக ஒதுக்கினாலே தாமதம் பெருமளவு குறையும்.

கலை அருங்காட்சியகத்துக்கு வாரன் நிறுத்தம், ஆம்ட்ராக் நெடுந்தூர ரயிலுக்கு பால்டிமோர் நிறுத்தம். 2024 ஜூனில் புதுப்பித்து மீண்டும் திறந்த பழைய மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு இந்த டிராம் போகாது. மையநகரில் இறங்கிப் பஸ் பிடியுங்கள்.